ஸ்பிரிங் மட்டும் போதாது: விமானம் தரையிறங்கக் கற்றுக்கொண்ட கதை

போன மாதம் அப்பாவின் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வேகத்தடையைத் தாண்டி முடித்த பிறகும் வண்டி மூன்று முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் இறங்கி நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

"நல்ல வண்டின்னா ஒரு தடவை எழும்பி நின்னுடணும் தம்பி. இது தொட்டில் மாதிரி ஆடுது பாருங்க. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. உள்ளே ஆயில் போயிடுச்சு" என்றார்.

எனக்கு ஆச்சரியம். ஷாக் அப்சார்பர் என்றால் ஸ்பிரிங்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன் எங்கெங்கோ போய்க் கடைசியில் விமானத்தில் வந்து நின்றேன். மெக்கானிக் அண்ணன் ஒரு நிமிடத்தில் சொன்ன இந்த விஷயம் விமானங்களில் பரவலாக நடைமுறைக்கு வர ஏறக்குறைய 30 வருடம் ஆகியிருக்கிறது. இந்தப் பதிவு அந்த 30 வருடக் கதை. பி.காம் படிக்கிறவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். கடைசிவரை படியுங்கள், இதில் கொஞ்சம் நம் பாடமும் இருக்கிறது :-)

ஒரு சின்னக் கணக்கு

விமானம் தரையைத் தொடும்போது இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று முன்னோக்கிப் போகும் வேகம். அதை ஓடுபாதையில் ஓடி, பிரேக் போட்டு மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கீழ்நோக்கி இறங்கும் வேகம். அதைக் குறைக்க நேரமே கிடையாது. தரை வந்த அந்த நொடியில் அது பூஜ்யம் ஆகியே தீரவேண்டும்.

இன்றைய பெரிய பயணிகள் விமானங்களின் கால்கள் நொடிக்கு 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் இறங்கு வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. சாதாரணமாகத் தரையிறங்கும்போது இதைவிட மிகக் குறைவான வேகம்தான் இருக்கும். 3 மீட்டர் என்பது பெரிய வேகமா? ஒரு பொருளைச் சுமார் அரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. நாற்காலி உயரம்தான். ஆனால் அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 45 மடங்குக்கும் அதிகமான அடி விழும். மரச்சட்டமும் துணியும் வைத்துக் கட்டிய விமானம் நொறுங்கிவிடும். அதே வேகம் 30 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அடி ஒன்றரை மடங்குதான்.

ஆக, முதல் பாடம்: நிற்பதற்கு ஒரு தூரம் வேண்டும். ஸ்பிரிங்கோ ரப்பரோ அந்தத் தூரத்தைக் கொடுக்கும். அதோடு வேலை முடிந்தது என்றுதான் ஆரம்பத்தில் பலரும் நினைத்தார்கள்.

சக்கரமே இல்லாத விமானம்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில் பறந்த விமானத்தில் சக்கரமே கிடையாது. பனிச்சறுக்கு வண்டிக்கு இருப்பதுபோல அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். கிளம்புவதற்கு 60 அடி நீளத்தில் ஒரு மரத் தண்டவாளம், அதன்மேல் ஓடும் ஒரு சின்னத் தள்ளுவண்டி. விமானம் எழும்பியதும் தள்ளுவண்டி கீழேயே நின்றுவிடும். இறங்கும்போது கட்டை மணலில் சறுக்கி நிற்கும்.

அங்கே ஷாக் அப்சார்பர் யார்? மணல்தான்! ஆனால் மணலும் எல்லா நேரமும் காப்பாற்றவில்லை. அன்றைய நான்காவது பறத்தல் 59 நொடி, 852 அடி. அது முடிந்து இறங்கியபோது விழுந்த அடியில் விமானத்தின் முன்பக்கச் சுக்கானைத் தாங்கிய சட்டம் சேதமானது. அதன் பிறகு வீசிய காற்றில் விமானமே புரண்டு போனது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

சறுக்குக் கட்டையின் இன்னொரு குறை, தண்டவாளம் இல்லாத இடத்தில் இறங்கினால் அங்கிருந்து கிளம்ப முடியாது. 1904-ல் ஓஹையோ மாநிலத்து ஹஃப்மன் புல்வெளிக்கு இடம் மாறியபோது, கோபுரத்திலிருந்து எடையை விழவிட்டு அந்த இழுப்பில் விமானத்தைக் கிளப்பினார்கள். நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த நேரத்தில் கிளம்ப வேண்டுமென்றால் சக்கரம் வேண்டும். ஐரோப்பாக்காரர்கள் ஆரம்பத்திலேயே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1906-ல் பாரிஸில் சாண்டோஸ் துமோன் பறந்த விமானம் சக்கரத்தில் ஓடித்தான் எழும்பியது. 1910 வாக்கில் ரைட் சகோதரர்களும் சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் சக்கரம் ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. அப்போது விமான நிலையம் ஏது? குதிரைகள் ஓடும் மைதானம், மாடு மேயும் புல்வெளி, உழுது போட்ட வயல், இங்கெல்லாம்தான் இறங்கவேண்டும். மேடு பள்ளம் ஒவ்வொன்றும் சக்கரம் வழியாக நேரே சட்டத்துக்குப் போகும்.

பிளேரியோவின் முறிந்த கால்

இங்கேதான் ரப்பர் வருகிறது. லூயி பிளேரியோவின் 11-ம் எண் விமானத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் நின்ற வாக்கில் இருக்கும் குழாய்களில் மேலும் கீழும் நகரும். சக்கரம் மேலே போனால் தடித்த ரப்பர் பட்டைகள் இழுபட்டு அடியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் காற்றடித்தால் ஆஸ்பத்திரி தள்ளுவண்டிச் சக்கரம்போலத் தானாகத் திரும்பிக்கொள்ளவும் செய்யும். அந்தக் காலத்துக்கு ரொம்பப் புத்திசாலித்தனமான அமைப்பு.

1909 ஜூலை 25 அதிகாலை, இந்த விமானத்தில் பிளேரியோ பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். ஏறக்குறைய முப்பத்தாறரை நிமிடப் பயணம். டோவர் கோட்டைப் பக்கம் வந்தபோது காற்று சுழற்றி அடித்தது. அவர் சுமார் 20 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை அணைத்து, விமானத்தைத் தட்டையாகத் தரையில் விழவைத்தார். கால்கள் முறிந்தன. காற்றாடியின் இறக்கை ஒன்று உடைந்தது. பிளேரியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அன்று ரப்பர் தன்னால் முடிந்ததை வாங்கியது. மிச்சத்தை வாங்கியது முறிந்த கால்கள். முறிவதற்கும் ஆற்றல் செலவாகும் அல்லவா? அந்தக் கால்களை ஒரே ஒருமுறை மட்டும் வேலை செய்யும் ஷாக் அப்சார்பர் என்று சொல்லலாம். அவை முறிந்ததால்தான் மனிதர் தப்பினார்.

அதே வருடம் ஹென்றி ஃபார்மன் தன் விமானத்தில் சறுக்குக் கட்டையையும் சக்கரத்தையும் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஜோடிச் சக்கரம், அதன் அச்சு ரப்பர் பட்டையால் கட்டையோடு கட்டப்பட்டிருக்கும். சாதாரண இறக்கத்தில் சக்கரம் ஓடும். பலமாக விழுந்தால் ரப்பர் இழுபட்டுச் சக்கரம் மேலே போய்விடும், கட்டை தரையில் உரசிப் பாரத்தைத் தாங்கும். பல நாடுகளில் இதைப் பார்த்துச் செய்தார்கள்.

இங்கே ஒரு சுவையான செய்தி. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ரப்பர் கயிற்றுக்கு வைத்த பெயர் 'சாண்டோ'! யூஜின் சாண்டோ என்ற உலகப் புகழ் பெற்ற பலசாலி, உடற்பயிற்சிக்காக ரப்பர் கயிறு வைத்த கருவிகளை விற்றார். அந்தப் பெயர் கயிற்றுக்கே ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அதே பெயர் பயில்வான்களுக்குப் பட்டமானது. எம்.ஜி.ஆர் படங்களைத் தயாரித்த சாண்டோ சின்னப்பா தேவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், இங்கே மனிதருக்கு, அங்கே விமானத்தின் காலுக்கு.

போரும் ரப்பரும்

முதல் உலகப்போர் காலத்து விமானங்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இரண்டு பக்கமும் கால்கள், நடுவில் ஒரு அச்சு, இரு முனையிலும் சக்கரம். அச்சு காலோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்காது. நூலுறை போட்ட ரப்பர் கயிற்றைப் பல சுற்று சுற்றிக் கட்டியிருப்பார்கள். பெரும்பாலான விமானங்களில் அவ்வளவுதான் சஸ்பென்ஷன்.

இதன் நன்மைகளைப் பாருங்கள். விலை மலிவு. எடை குறைவு. கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும். போர்க்களத்துக் கொட்டகையில் ஒரு மெக்கானிக் பழையதை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதைக் கையாலேயே சுற்றிவிடலாம். வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் சீக்கிரம் கெடும் என்பது உண்மைதான், ஆனால் மாற்றுவது அவ்வளவு சுலபம்.

இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்கவேண்டும். போர் தொடங்கிய காலத்தில் தோட்ட ரப்பரின் முக்கியமான ஊற்று மலாயாவும் இலங்கையும். அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் மூலம் கப்பலேறிப் போன நம் தமிழர்கள். எந்த விமானத்தின் கயிற்றில் யார் வெட்டிய பால் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விமான வரலாற்றுப் புத்தகங்களில் விமானியின் பெயர் இருக்கும், வடிவமைத்தவரின் பெயர் இருக்கும். விடிகாலையில் கத்தியோடு மரத்தடிக்குப் போனவரின் பெயர் மட்டும் இருக்காது.

ஜெர்மனியின் கதையைப் பார்த்தால் ரப்பரின் மதிப்பு புரியும். பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் ஜெர்மனிக்கு ரப்பர் கிடைக்கவில்லை. போரின் பிற்பகுதியில் ஜெர்மன் விமானங்களின் கால்களில் ரப்பர் கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. விமானத்தின் காலைத் தீர்மானித்தது பொறியாளர் மட்டும் அல்ல, சரக்கு வரத்தும்தான். (நம் பாடம் என்று சொன்னேனே!)

கடனும் செலவும்

ரப்பராக இருந்தாலும் இரும்பு ஸ்பிரிங்காக இருந்தாலும் அடிப்படையில் ஒரே குணம்தான். வாங்கிய ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, பெரும்பகுதியை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். ரப்பர் கொஞ்சம் சூடாகி ஒரு பகுதியை விழுங்கும். மிச்சம் விமானத்தை மேலே தூக்கி எறியும்.

துள்ளுவதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஸ்கூட்டர் துள்ளினால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். விமானம் அப்படியல்ல. தரையிறங்கும் விமானம் ஏற்கனவே வேகத்தைக் குறைத்திருக்கும். துள்ளி மேலே போகும்போது இன்னும் வேகம் குறையும். இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விட்டால் முதல் தடவையைவிடப் பலமாகக் கீழே விழும். விமானி பதறி விசையை மாற்றி இழுத்தால் மூக்கு தரையில் குத்தும். முதல் அடியைத் தாங்கிய விமானம் இரண்டாவது, மூன்றாவது அடியில் உடையும்.

கணக்குப் பாடத்தில் சொல்வதென்றால், ஸ்பிரிங் அந்த அடியைக் கடனாக வாங்குகிறது. அரை நொடியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது கடன் வாங்குகிறவர் இல்லை. அந்த ஆற்றலைச் செலவு என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறவர். அவர்தான் எண்ணெய்.

பீரங்கியில் கிடைத்த விடை

இந்தப் பிரச்சினையை விமானத்துக்கு முன்பே சந்தித்தவர்கள் பீரங்கிக்காரர்கள். பழைய பீரங்கி சுட்டதும் மொத்தமாகப் பின்னால் ஓடும். ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறிபார்க்க வேண்டும். பிரான்சின் 1897-ம் ஆண்டு 75 மில்லிமீட்டர் பீரங்கி இந்தக் கதையை மாற்றியது. அதில் குழல் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் போகும். எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அந்த வேகத்தை அடக்கிக் குழலை மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகள்கூடச் சுட முடிந்தது.

பின்னால் உதைக்கும் பீரங்கியும் தரையில் விழும் விமானமும் ஒரே கணக்குதான். பீரங்கி தயாரித்துக்கொண்டிருந்த பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி 1915 வாக்கில் இந்த அமைப்பை விமானத்தின் காலுக்குக் கொண்டுவந்தது. பிரான்சில் லூயி பிரெகே இதில் ஆரம்பத்திலேயே ஆர்வம் காட்டினார். போரில் பறந்த பிரிட்டனின் எஃப்.இ.2பி விமானத்தில் எண்ணெய்க் கால்கள் இருந்தன. கரடுமுரடான தற்காலிக மைதானங்களில் இறங்கிய விமானிகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. லத்தீனில் எண்ணெய்க்குள்ள பெயரை வைத்து இந்த வகைக் காலுக்கு 'ஓலியோ' என்று பெயர்.

எப்படி வேலை செய்கிறது? ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். உள்ளே எண்ணெய், அதற்கு மேலே அழுத்தப்பட்ட காற்று (இப்போது நைட்ரஜன்). சக்கரம் தரையைத் தொட்டதும் பிஸ்டன் மேலே போகும். எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகப் பிதுங்கிப் போயாகவேண்டும். ஊசி போடும் சிரிஞ்சை மெதுவாக அழுத்திப் பாருங்கள், சுலபமாகப் போகும். வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பலமாக விழுந்தால் பலமாகத் தடுக்கும், மெதுவாக இறங்கினால் மென்மையாக விடும். துளையில் பிதுங்கும்போது எண்ணெய் சூடாகும். அந்தச் சூடுதான் 'செலவு'. அது திரும்பி வந்து விமானத்தைத் தூக்கி எறியாது.

மேலே இருக்கும் காற்று ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும். அது பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்போதும் எண்ணெய் சின்ன வழியில்தான் திரும்பவேண்டும். அதனால் கால் நிதானமாக நீளும், துள்ளாது.

இன்னொரு லாபமும் உண்டு. ரப்பர் ஆரம்பத்தில் கொஞ்சமாகத் தடுத்து, இழுபட இழுபட அதிகமாகத் தடுக்கும். மொத்தப் பாரமும் கடைசி நேரத்தில் விழும். எண்ணெய்க் கால் ஆரம்பம் முதல் கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே அளவில் தடுக்கும்படி துளையை அமைக்கலாம். கடனைச் சம தவணைகளில் கட்டுவதற்கும் கடைசி மாதம் மொத்தமாகக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இந்தத் திறனை விமான வடிவமைப்புப் பாடங்களில் சதவீதமாகச் சொல்வார்கள். ரப்பர் கயிறு 60-ஐ ஒட்டி இருக்கும், நல்ல எண்ணெய்க் கால் 75 முதல் 90 வரை போகும்.

விடை கிடைத்தும் ஏன் தாமதம்?

என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இது. 1915-லேயே விடை கையில் இருந்தது. ஆனால் 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்தாரே, அந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தின் கால்களில் அப்போதும் ரப்பர் கயிறுதான். எரிபொருள் நிரப்பிச் சுமார் 2,300 கிலோ எடையோடு ஈரத் தரையில் தடதடத்து ஓடியதை அந்தக் கயிறுகள்தான் தாங்கின. 1930-களின் கடைசியில் வந்த பைப்பர் கப் என்ற சின்ன விமானத்திலும் அதேதான்.

இவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. எண்ணெய்க் கால் என்றால் துல்லியமாகக் கடைந்த சிலிண்டர் வேண்டும். எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம் வேண்டும். கசிந்தால் வேலை போச்சு, கண்டுபிடிக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் விலையும் எடையும். விமானியோடு சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ள பிளேரியோ விமானத்துக்கு ரப்பர் போதும். அதற்குமேல் செலவழிப்பது வீண்.

கணக்கு மாறியது எடை கூடியபோது. அமெரிக்காவில் காற்றழுத்தக் கருவிகள் செய்துவந்த கிளீவ்லாண்ட் நியூமாட்டிக் டூல் கம்பெனி 1926-ல் விமானத்துக்கென்றே எண்ணெய்க் காலைத் தயாரித்தது. 'ஏரால்' என்ற பெயரில் அது விற்பனையானது. 1935-ல் வந்த டிசி-3 பயணிகள் விமானம் 11,000 கிலோவைத் தாண்டியது. அதாவது பிளேரியோவின் விமானத்தைப் போல முப்பத்தைந்து மடங்குக்கு மேல். இறங்கு வேகமும் கூடினால் அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இதற்கு எத்தனை சுற்று ரப்பர் கட்டுவது? டிசி-3 எண்ணெய்க் காலில்தான் நின்றது. அதன் பிறகு பெரிய விமானங்களில் ரப்பர் அரிதாகிவிட்டது.

நல்ல கண்டுபிடிப்பு வந்துவிட்டால் உடனே எல்லோரும் மாறிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பழைய மலிவான வழி எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அதுவரை அது இருக்கும். பாரம் கூடும் நாளில்தான் புதியதற்கு வேலை வரும். அந்த நாளுக்காக யாரோ ஒருவர் அதை முன்பே செய்து வைத்திருக்கவேண்டும்.

அடுத்த தடவை விமான நிலையத்துக்குப் போனால் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு மேலே பாருங்கள். காலின் நடுவில் கொஞ்சதூரம் பளபளவென்று மின்னும் குழாய் தெரியும். அதுதான் பிஸ்டன். உள்ளே இருப்பது அந்தப் பீரங்கியின் எண்ணெயும் காற்றும்.

ஸ்கூட்டர் என்ன ஆயிற்று? புது ஷாக் மாட்டியாயிற்று. மெக்கானிக் அண்ணன் மறுபடி பின்பக்கத்தை அமுக்கி விட்டார். வண்டி ஒரே ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. "இப்ப சரியா தம்பி?" என்றார். நண்பனும் மறுநாள் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.